மூன்றாவது ஈசிஜி வேண்டுமா?

இதயத்தில் ஏதோ பிழை என்ற பயத்தில் இன்னொரு ஈசிஜி (இதயத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏற்கனவே எடுத்த இரண்டு ஈசிஜியும் சரி, இதயத்தில் பிழை இல்லை என்று டொக்டரும் சொல்லிவிட்டார். இன்னொன்றுக்காகப் புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினால் இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும், மூன்றாம் நாள் பழையபடிதான்.

இரவில் நாடி 100ஐத் தாண்டுகிறது என்கிறீர்கள். நுளம்பு வலைக்குள் படுத்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, போன் வெளிச்சத்தில் பயந்து பயந்து எண்ணினால் ஏறத்தான் செய்யும். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, நாடி கூடுகிறது, அந்த எண்ணைப் பார்த்து இன்னும் பயம். நானும் ஒரு வருடம் இதற்குள் கிடந்தவன்.

இன்றிரவு எண்ண வேண்டும்போல் வந்தால் 15 நிமிடம் பிற்போடுங்கள். முதலில் பதற்றம் கூடும், அப்புறம் தானாக இறங்கும். நாளைக்கு 20 நிமிடம். மனைவியிடம் "எனக்கு ஒன்றுமில்லைதானே?" என்று கேட்பதும் நாடி பார்ப்பது மாதிரித்தான், அதையும் குறையுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம்.

அடங்காவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதையுங்கள். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும், பத்தாம் நாள் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உடனே அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கள்.