வாசகர் கேள்வி பதில்: பொம்மை புக்குக்கா இப்படி அழுவ?

கேள்வி (காரைக்குடி, காலேஜ் ரெண்டாம் வருஷம்): அக்கா, ஃப்ரெண்ட் சொன்னான்னு சைகானோங்கிற மாங்கா, அதான் ஜப்பான் படக்கதை, ஏழு வால்யூமும் நாலே ராத்திரியில படிச்சு முடிச்சேன். முடிச்சு ரெண்டு நாள் ஆச்சு, சோறு எறங்கல. கிளாஸ்ல உக்காந்தா தன்னால கண்ணு கலங்குது. அம்மா “பொம்மை புக்குக்கா இப்படி அழுவ”ன்னு திட்டுறாங்க. எனக்கே என்னமோ ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு. இனிமே இந்த மாதிரி கதையே தொடக்கூடாதாக்கா?

பதில்: உனக்கு ஒண்ணும் ஆகலம்மா. அந்தக் கதைய சரியாத்தான் படிச்சிருக்க, அதான் அழுகை வருது.

படிக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். ஷின் தகஹாஷி எழுதி வரைஞ்சது, 2000, 2001 வாக்குல ஜப்பான்ல வார இதழ்ல தொடரா வந்தது. ஹொக்கைடோ தீவுல ஒதாருன்னு ஒரு துறைமுக ஊரு, அங்க பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் படிக்கிற ஷூஜிங்கிற பையனும் சிஸேங்கிற பொண்ணும் இப்பத்தான் காதலிக்க ஆரம்பிக்கிறாங்க, எப்படிப் பழகுறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல, அதனால ஒரே நோட்டுல மாத்தி மாத்தி டைரி எழுதிக்கிறாங்க. அவ வாயத் தொறந்தா “ஸாரி”தான் வரும். ஒரு நாள் அவன் ஃப்ரெண்ட்ஸோட சப்போரோவுக்கு ஷாப்பிங் போன இடத்துல குண்டு விழுது, எல்லாரும் ஓடுறாங்க, புகை கொஞ்சம் விலகுனா முதுகுல இரும்பு றெக்கையோட நிக்கிறது அதே சிஸே. ராணுவம் அந்தப் பிள்ளைய ஆயுதமா மாத்தி வச்சிருக்கு. எதுக்கு சண்டை, எதிரி எந்த நாட்டுக்காரன், கடைசி வரைக்கும் கதை சொல்லாது. இதை குறைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படித் தோணல. சண்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்ட சனத்துக்கு காரணம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, இன்னைக்கு ரயில் ஓடுமா, அவன் வீட்டுக்கு வருவானா, அவங்களுக்கு அதுதானே கவலை.

நீ எந்த எடத்துல அழுதன்னு எழுதல, நானா சொல்றேன், குண்டு விழுற பக்கத்துல இருக்காது, டைரி வர்ற பக்கத்துலதான் இருக்கும். என்னைய அழ வச்சது அந்த நோட்டுதான். ஊரு ஒரு பக்கம் அழிஞ்சுக்கிட்டே போகுது, அதுக ரெண்டும் எழுதுறது பள்ளிக்கூடத்துல நடந்தது, சின்னச் சண்டை, அதுக்கு ஒரு ஸாரி, அவ்வளவுதான்.

எங்க அப்பத்தா பெட்டியில ரெண்டு கவர் இருக்கு. எங்க ஐயா, அதான் தாத்தா, அப்ப பர்மாவுல ரங்கூன்ல கடையில இருந்தாக. ரெண்டாம் உலகச் சண்டை வந்து தபால் நின்னு போனதும், அப்பத்தா அவுகளுக்கு எழுதுன கடுதாசி போய்ச் சேராம அப்படியே திரும்பி வந்திருச்சு. பழுப்பேறிப் போன தாளு, புள்ளியே வைக்காத எழுத்து, நான் எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். கண்மாயில தண்ணி இல்ல, செவலை மாடு கன்னு போட்டிருக்கு, பிள்ளைக்கு கீழ்வரிசையில ரெண்டு பல்லு மொளச்சிருக்கு, முகப்புல ஒரு ஓடு பேந்து கிடக்கு, கொத்தனார வரச் சொல்லியிருக்கேன். பிரியம்னு ஒரு வார்த்தை கிடையாது. அந்த ரெண்டு பல்ல படிச்சப்ப எனக்கு மூச்சே அடைச்சிருச்சு, ஏன்னா அந்தக் கடுதாசி எழுதுறப்ப அவுகளுக்கு ஐயா உசிரோட இருக்காகளான்னே தெரியாது. சைகானோவ படிச்சப்ப எனக்கு அந்தக் கவர்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

இனிமே தொடக்கூடாதான்னு கேக்குற. தாராளமா தொடு, ஆனா நாலு ராத்திரியில ஏழு வால்யூம் வேண்டாம். வாராவாரம் கொஞ்சமா வந்த கதை அது, நடுவுல ஆற நேரம் இருந்துச்சு. ஒரு வால்யூம் முடிச்சா ரெண்டு நாள் வுடு, பகல்ல படி. அம்மாகிட்ட ஒண்ணாவது வால்யூம மட்டும் குடுத்துப் பாரு. ஒரு வாரம் கழிச்சும் சோறு எறங்கலைன்னா, தூக்கம் வரலைன்னா, அது புக்கு மட்டும் இல்ல, மனசுல வேற என்னமோ இருக்கு, அம்மாகிட்டயோ டாக்டர்கிட்டயோ கூச்சப்படாம சொல்லிடணும், சரியா?

கேள்வி (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்): எட்டாவது படிக்கிற என் பையன் இதே சைகானோவ வாங்கிக் கேக்குறான். கார்ட்டூன் தானே, குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. அது வந்தது பெரியவங்க படிக்கிற இதழ்ல, சாவும் ரத்தமும் படுக்கையும் நேரடியாவே வரும். படமா இருந்தா பிள்ளைங்களுக்குன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, மாங்காவுக்கு அது பொருந்தாது. சண்டைக் காலத்துக் கதைதான் வேணும்னா ஃபூமியோ கோனோ வரைஞ்ச ‘இந்த உலகத்தின் ஒரு மூலையில்’ இருக்கு, மூணே வால்யூம். அதுலயும் சாவு வரும், அதனால பக்கத்துல உக்காந்து கூடவே படிங்க. வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் படிக்கணும், பையனுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்களுக்குத்தான் மொத பத்துப் பக்கம் தடுமாறும்.

கேள்வி (தேவகோட்டை, வயசு 88): ஆச்சி, உங்க பகுதியில இந்த ஜப்பான் படக்கதைகளப் பத்தி நெறையா எழுதுறீக. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு போட்டது யாரு? எங்க அப்பச்சி கடையையும் கணக்குப் புஸ்தகத்தையும் போட்டது போட்டபடி வுட்டுட்டு நடந்தே வந்தாக. கூட கிளம்புன பாதிப் பேரு ஊரு வந்து சேரல. அவன் வீட்டுக் காதலுக்கு நாம ஏன் அழணும்?

பதில்: ஐயா, உங்க கேள்விய படிச்சுட்டு அன்னைக்கு பூரா எனக்கு வேற வேலை ஓடல. நீங்க கேக்குறது நியாயம். டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு, மறுவருஷம் மார்ச்சுல ஊரே ஜப்பான்காரங்க கையில போச்சு. எங்க ஐயாவும் புரோம் வரைக்கும் வந்து, டாங்கப் கணவாய நடந்தே தாண்டி, படகுல அக்யாப் போய், அங்கருந்து சிட்டகாங் வந்து சேந்தாக. காலரா வந்து வழியில விழுந்தவுகள அப்படியே வுட்டுட்டு வந்தோம்னு ஒரே ஒரு தடவை சொன்னாக, அதுக்கப்புறம் பர்மா பேச்ச எடுத்ததே இல்ல. அந்த பர்மாத் தேக்குலதான் நம்ம வீட்டுத் தூணெல்லாம் நிக்குது. மலாயா தோட்டத்துல இருந்து நம்ம தமிழ் சனத்த ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போடுறதுக்கு இழுத்துட்டுப் போய் கொன்னதும் எனக்கு மறக்கல, அத மறக்கச் சொல்லி நான் எழுதவும் மாட்டேன்.

ஆனா இந்த ரெண்டு கதையும் “நாங்க பாவம்”னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன் ஐயா. சைகானோவுல நாம பிரியம் வைக்கிற அதே பிள்ளைதான் ஊர் ஊரா அழிக்கவும் செய்யுது. கொன்னுட்டு வந்து அவன் தோள்ல சாயுது, கதை அத மறைக்கல. ரெண்டையும் சேத்துதான் நாம சுமக்கணும்.

கோனோ கதை இன்னும் நேரா பேசும். ஹிரோஷிமா பக்கத்துப் பொண்ணு சுஸு, 1944ல கூரேங்கிற கடற்படை ஊருக்கு வாக்கப்பட்டு வருது, புருஷன் முகம்கூட சரியா ஞாபகம் இல்லாத கல்யாணம். ரேஷன் அரிசிய எப்படிப் பெருக்கிக் காட்டுறது, பழைய துணிய எப்படி வெட்டித் தைக்கிறதுன்னே பாதிக் கதை ஓடும், அதுக்குள்ளயே மெதுவா ரெண்டு பேருக்கும் பிரியம் வந்துரும். சுஸுவுக்கு படம் வரையுறதுன்னா உசிரு. 1945ல வெடிக்காமக் கிடந்த குண்டு ஒண்ணு வெடிச்சு, கையப் பிடிச்சிருந்த சின்னப் பிள்ளையும் போயிரும், அவ வலது கையும் போயிரும். அதுக்கப்புறம் வர்ற பக்கத்துல வீடு, மலை, தெரு எல்லாம் கோடு கோணலா இருக்கும். கோனோ அந்தப் பின்னணியெல்லாம் தன்னோட இடது கையால வரைஞ்சாங்க. நான் அது தெரியாமத்தான் படிச்சேன், ஏன் மலை இப்படி ஆடுதுன்னு பக்கத்த கண்ணுகிட்ட வச்சுப் பாத்தேன், அப்புறம் தெரிஞ்சதும் திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன்.

ஆகஸ்ட் 15 ரேடியோவுல தோத்துட்டோம்னு சொல்றாங்க. சுஸு ஆத்திரம் தாங்காம வெளிய ஓடுறா. அந்த நேரம் ஊருக்குள்ள, ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த கொரியாவோட கொடி ஒண்ணு ஏறுது. அதப் பாத்ததும்தான் அவளுக்கு ஒறைக்குது, நாமளும் அடுத்தவன அடிச்சு அடக்கித்தான் வச்சிருந்திருக்கோம், அதான் இப்ப அடிக்குப் பணிஞ்சு கெடக்கோம்னு. அங்க தரையில விழுந்து அழுவுறா பாருங்க, அந்த அழுகைக்குத்தான் ஐயா நான் அழுதேன். உங்க அப்பச்சிக்கும் எங்க ஐயாவுக்கும் ஒரு ஜப்பான்காரப் பொண்ணு கையால சேர வேண்டியது கொஞ்சம் அதுல இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. உங்களுக்கு அப்படிப் படலைன்னா நான் வற்புறுத்த மாட்டேன், உங்களுக்கு அந்த உரிமை இருக்கு.

ஒரே ஒரு விண்ணப்பம் ஐயா. உங்க அப்பச்சி எந்த வழியா வந்தாக, எத்தனை நாளு நடந்தாக, கையில என்ன கொண்டாந்தாக, வீட்டுல ஆத்தா அத்தனை மாசமும் எப்படி இருந்தாக, ஞாபகம் உள்ளத எல்லாம் எழுதி அனுப்புங்க. கை நடுங்கினா நீங்க சொல்லச் சொல்ல பேரப்பிள்ளைங்கள எழுதச் சொல்லுங்க. எத்தனை பக்கம் வந்தாலும் அடுத்த இதழ்ல இதே இடத்துல போடுறேன்.