மாதம் 11,000 வந்தால் பணக்காரரா?

கேள்வி: முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவதாக ஒருவர் தெருவில் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்தார். இரண்டு மாதமாகிறது. போனை எடுப்பதில்லை.
- வாசகி, திண்டிவனம்

பதில்: அந்த அட்டைக்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை அம்மா. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு நேராகப் போங்கள். பணம் கொடுத்த எல்லோருமாகச் சேர்ந்து காவல் நிலையத்தில் ஒரே புகாராக எழுதிக் கொடுங்கள். ஒருவர் மட்டும் போனால் 500 ரூபாய்க்கா வந்தீர்கள் என்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மருத்துவமனைத் தள்ளுபடி அட்டை' என்று நான் காசு கொடுத்து வாங்கியது இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அதை ஏற்கும் மருத்துவமனையைத்தான் காணோம்.

கேள்வி: மகனுக்குத் தனி ரேஷன் கார்டு வந்துவிட்டது. மருமகளின் ஆபரேஷனுக்கு எங்கள் காப்பீட்டு அட்டையைக் காட்டலாமா?

பதில்: முடியாது. கார்டு தனி என்றால் அட்டையும் தனி.

கேள்வி: கணவருக்கு டைலர் கடையில் மாதம் 8,000. நான் வீட்டு வேலை செய்து 3,000 வாங்குகிறேன். இரண்டும் சேரும் என்கிறார் வி.ஏ.ஓ. அவர் சம்பளத்தை மட்டும் காட்டக்கூடாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வி.ஏ.ஓ. சொல்வது சரி. பார்ப்பது குடும்ப வருமானத்தை. வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். உங்கள் கணக்கு 1,32,000. அதிகப்படி 12,000 ரூபாய்க்காக வருடத்துக்கு 5 லட்சம் வரையிலான சிகிச்சை உங்கள் வீட்டுக்கு இல்லை என்றாகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் கொஞ்சம் குறைத்துத் தருவோம் என்ற பேச்சே கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம், அந்தப் பக்கம் பூஜ்யம். 2009-ல் 72,000 என்று போட்ட கோடு 2022-ல்தான் நகர்ந்தது. நடுவில் கூலி ஏறியது, அரிசி ஏறியது, வாடகை ஏறியது. கோடு மட்டும் அசையவில்லை. கூலி நாலு காசு ஏறியதற்காகவே வெளியே தள்ளப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ! மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் இன்னொரு விதம்: அதற்கு அடிப்படை 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்புப் பட்டியல். அதற்குப் பிறகு நொடித்துப்போனவர் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்?

சரி, என் புலம்பல் போகட்டும். கேட்பது ஆண்டு வருமானம். தீபாவளி மாதத்துக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லாதீர்கள். தையல் இல்லாத மாதங்கள், நீங்கள் வேலைக்குப் போகாத மாதங்கள், எல்லாவற்றையும் வைத்து உண்மையான வருடக் கணக்கை எழுதி வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள். அது 1,20,000-க்குள் வந்தால் அட்டை உங்கள் உரிமை. உங்கள் சம்பளத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

கேள்வி: மாதம் 60,000 சம்பளம், சொந்த வீடு. ஆண்டு வருமானம் ஒரு லட்சம்தான் என்று தெரிந்தவர் மூலம் சான்று வாங்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: மேலே உள்ள கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: அட்டை இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது முன்பணம் கேட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினேன். திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் திட்டப் பட்டியலில் இருந்து, காப்பீட்டு ஒப்புதலும் வந்திருந்தால் அவர்கள் உங்களிடம் பணம் வாங்கியதே தவறு. ரசீதை பத்திரமாக வையுங்கள். ரசீது தரவில்லை என்றால் என்றைக்கு, எவ்வளவு, யாரிடம் கொடுத்தீர்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-ல் புகார் பதியுங்கள். கலெக்டரிடமும் மனுவாகக் கொடுங்கள். அடகுச் சீட்டின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.

கேள்வி: 'அரசுக் காப்பீடு' என்று ஏஜென்ட் சொன்னதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்துத்தான் அது தனியார் பாலிசி என்று தெரிந்தது. ரத்து செய்யலாமா?

பதில்: பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். இப்போதும் ரத்து செய்யலாம், முழுப் பணம் வராது. அட்டையில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்திருக்குமே ஐயா!