ஒரு சோக், இரண்டு அறைகள்

கேள்வி: இரண்டு அறைகளில் விளக்கொளியில் சாமந்தி வளர்க்கிறேன். ஒன்றில் மொட்டுக்கு விட்ட செடிகள்; மற்றதில் தண்டுத் துண்டு வெட்டுவதற்கான தாய்ச்செடிகள். அறைக்கு ஒரு 600 வாட் சோடியம் விளக்கு இருக்கிறது; விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் ஒன்றுதான். 12 மணி நேரம் இங்கே, 12 மணி நேரம் அங்கே என்று மாற்றி எரிக்கலாமா? மின்செலவு பாதியாகுமா?

பதில்: எரிக்கலாம். செலவு பாதியாகாது. இரண்டு சோக்குகள் தலா 12 மணி நேரம் எரித்தாலும், ஒரே சோக் 24 மணி நேரம் எரித்தாலும் விளக்குக்கு 14.4 யூனிட்தான், சோக் சூடாகி வீணாக்குவது தனி. மிச்சமாவது இன்னொரு சோக்கின் விலை. ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமையும் பாதியாகும்.

இரண்டு விளக்குகளையும் சேர்த்து ஒரே சோக்கில் இணைத்துவிடாதீர்கள். விளக்கினுள் வாயு பற்றிக்கொண்டதும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் சோக். முந்திப் பற்றும் விளக்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், மற்றது இருண்டே கிடக்கும்.

மாற்றுவதற்கு நான் முதலில் சோக்குக்கும் விளக்குகளுக்கும் நடுவே வீட்டுச் சுவரில் வைக்கும் இருவழி ஸ்விட்சைப் பொருத்தினேன். மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கரி. சோடியம் விளக்கைப் பற்றவைக்க இக்னைட்டர் சுமார் 4,000 வோல்ட் துடிப்புகளை அனுப்புகிறது. சாதாரண ஸ்விட்சின் சிறு இடைவெளியை அது தாண்டிவிடும். அன்று ஆள் இல்லாத நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே அந்தத் துடிப்பைத் தாங்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே மாறும் ஸ்விட்ச், வேண்டும். விளக்குக்குப் போகும் இரு கம்பிகளையும் அது சேர்த்தே மாற்ற வேண்டும். டைமர் முதலில் சோக்கின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், பிறகு ரிலே மாற வேண்டும், அதன் பிறகே மின்சாரம் திரும்ப வேண்டும். எரியும்போது மாற்றவே கூடாது. உங்களுடையது எலக்ட்ரானிக் சோக் என்றால், தயாரிப்பாளரின் குறிப்பில் இதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். வேலையைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்; எர்த் இணைப்பை விட்டுவிட வேண்டாம்.

ஒரு வசதி தானாகவே அமைகிறது. அணைந்த சோடியம் விளக்கு சூடு தணியாமல் மீண்டும் பற்றாது. நீங்கள் ஏற்றப்போவதோ 12 மணி நேரம் ஆறிக் கிடந்த விளக்கு.

என் கவலையெல்லாம் உங்கள் தாய்ச்செடிகளைப் பற்றித்தான். சாமந்தி நீண்ட இரவைக் கண்டால் மொட்டு வைக்கும் செடி. 12 மணி நேர இருட்டு மொட்டறைக்குப் பொருத்தம். தாய்ச்செடிகளும் அதே இருட்டில் நின்றால் அவையும் மொட்டு வைக்கும், வெட்டுவதற்கு நல்ல துண்டு கிடைக்காது. நேரத்தை 16, 8 என்று பிரித்தால் தாய்ச்செடிகள் பிழைக்கும். மொட்டறைக்கு 8 மணி நேர ஒளிதான் மிஞ்சும், பூ மெலியும். 12, 12 என்றே வையுங்கள். தாய்ச்செடி அறையில் மட்டும் அதன் 12 மணி நேர இருட்டின் நடுவே நான்கு மணி நேரம் சில சிறிய குண்டு பல்புகளை எரியவிடுங்கள். மங்கிய ஒளியே போதும். செடி வளர்வதற்கான ஒளி அல்ல அது. நீண்ட இரவை இரண்டு குட்டி இரவுகளாக உடைப்பதற்கானது. சாமந்தி வளர்ப்போர் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இது. இந்தப் பல்புகளுக்குத் தனி டைமர் வையுங்கள். இரண்டு டைமர்களுக்கும் பேட்டரி இருக்கட்டும். மின்தடைக்குப் பிறகு நேரம் பிசகினால் இரண்டு அறைகளுமே குழம்பும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அறையின் பகல் எப்போதும் மற்றதன் இரவு. நடுச்சுவரில் விரிசல் இருந்தால், மொட்டறை இருளும் அதே நொடியில் அடுத்த அறையின் 600 வாட் ஒளி உள்ளே கசியத் தொடங்கும். விளக்கு மாறியதும் மொட்டறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் கதவிடுக்கிலோ கம்பி நுழையும் துளையிலோ ஒரு கோடு தெரிந்தாலும் அதை அடைத்த பிறகே செடிகளை உள்ளே வையுங்கள்.