ஆம்பூரை எந்தக் கோப்புறையில் வைப்பது?

டெஸ்க்டாப் முழுக்கக் கோப்புகள். பின்னால் இருக்கும் படமே தெரியவில்லை. ஒரே நாளில் சரிசெய்ய வழி உண்டா? (ஜெராக்ஸ் கடை, காட்பாடி)

ஒரே நாளில் என்று இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். 'பழையது' என்று ஒரு கோப்புறை போட்டு அத்தனையையும் அதற்குள் தள்ளுங்கள். இன்றிலிருந்து வருவதை மட்டும் ஒழுங்காக வையுங்கள். பழையதில் ஒன்று தேவைப்படும் அன்று அதை எடுத்து உரிய இடத்தில் போட்டால் போதும்.

பத்திரங்களை மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்றெல்லாம் ஆறு அடுக்காக வைத்திருந்தேன். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர்க் கோப்புகள் பாதி வேலூரில், பாதி திருப்பத்தூரில் கிடக்கின்றன. (பத்திரம் எழுதுபவர், ஆம்பூர்)

வடஆற்காடு 1989இலேயே பிரிந்துவிட்டது. எங்கள் வீட்டு நிலப் பத்திரக் கட்டின் மேல் இன்னும் 'வ.ஆ.' என்றுதான் எழுதியிருக்கிறது! அரசாணை ஒன்றில் மாறிவிடக்கூடியதை மேல் அடுக்கில் வைக்காதீர்கள். ஆண்டு மாறாது. '2021' என்ற கோப்புறை, அதற்குள் '2021-03-14 ஆம்பூர் கிரயம்' என்ற கோப்பு. இரண்டு அடுக்கு போதும். ஆண்டுக்குப் பதிலாகத் தேதியை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 14ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்துகொள்ளும்.

ஆறு அடுக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸில் கோப்பின் முழுப் பாதைக்கு (டிரைவ், கோப்புறைகள், கோப்பு எல்லாவற்றின் பெயரும் சேர்ந்தது) வழக்கமான வரம்பு 260 குறியீடுகள். 'திருப்பத்தூர்' நம் கணக்கில் ஏழு எழுத்து. கணினியோ புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணிப் பதின்மூன்று என்கிறது.

தேதியை 14/03/2021 என்று எழுதினால் பெயரை ஏற்க மறுக்கிறதே? (வாலாஜா)

சாய்கோடு, கோப்புறைகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்ட குறி. சிறுகோடு போடுங்கள்.

ஒரே படம் 'திருமணம்', 'தாத்தா' இரண்டிலும் வேண்டும். இரண்டு பிரதி வைக்கலாமா? (குடியாத்தம்)

வேண்டாம். ஒன்றைத் திருத்துவீர்கள், மற்றது பழையபடியே இருக்கும். பிறகு எது சரி என்று குழப்பம். ஓரிடத்தில் படம், மற்றதில் ஷார்ட்கட்.

மூன்று ஜிபி வீடியோவை டி டிரைவுக்குள்ளேயே இடம் மாற்றினால் நொடியில் முடிகிறது. பென்டிரைவுக்குக் கொண்டுபோனால் நிமிடக்கணக்கில் ஆகிறதே? (கல்லூரி மாணவி, வேலூர்)

டிரைவுக்குள் வீடியோ இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. குடியிருப்பவர் அங்கேயே இருக்க, ரேஷன் அட்டையில் முகவரியை மட்டும் திருத்துவது போல. பென்டிரைவுக்குப் போகும்போதுதான் மொத்தத்தையும் புதிதாக எழுதி, பழையதை நீக்குகிறது. அதனால் அங்கே 'கட்' வேண்டாம். காப்பி செய்து, வீடியோவை ஓடவிட்டுப் பார்த்து, பிறகு பழையதை அழியுங்கள்.