தலைக்கனம் பிடித்த சரக்கு

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பழைய ரேடியல் டிரில்லிங் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதைக் கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்கு லாரியில் கொண்டுவர வேண்டும். முன்பொரு முறை இதேபோன்ற மெஷினை நைலான் கயிற்றால் அடியில் இறுகக் கட்டி ஏற்றினோம். 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தோம். ஆனாலும் ஒரு திருப்பத்தில் அது சாய்ந்து, லாரியின் பக்கக் கதவை நசுக்கிவிட்டது. எங்கே தவறினோம்?

– பட்டறை உரிமையாளர், கடலூர் முதுநகர்

பதில்: அடியில் கட்டிய கயிறு மெஷின் நகராமல் பார்த்துக்கொண்டது, சாய்வதைத் தடுக்க அதனால் முடியாது. அடிப்பாகத்தின் அகலம் 80 சென்டிமீட்டர், எடையின் மையம் 120 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலே மெஷின் கவிழத் தொடங்கும். 20 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் பிறக்கும் விசை அதைவிடச் சற்று அதிகம். 20 கிலோமீட்டருக்குக் குறைத்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆகவே ஏற்றும் முன்பே தலைக்கனத்தைக் குறைத்துவிடுங்கள். தூணிலிருந்து பக்கவாட்டில் நீண்டு டிரில் தலையைத் தாங்கும் ஆர்மைக் கடைசி எல்லைவரை இறக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, டிரில் தலையைத் தூணை ஒட்டித் தள்ளி, எல்லாக் கிளாம்புகளையும் இறுக்க வேண்டும். இறுக்காத ஆர்ம் திருப்பத்தில் தானே சுழன்று எடையை வெளிப்பக்கம் கொண்டுபோய்விடும். பிறகு, அடிப்பாகத்தில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளின் வழியாக, லாரியின் குறுக்கே கிடக்கும் இரண்டு கனமான சி-சேனல்களில் (‘C’ வடிவ இரும்புச் சட்டங்களில்) மெஷினைப் பிணைத்து, அந்தச் சேனல்களைத் தளத்தோடு கட்டிவிட்டால், 80 சென்டிமீட்டர் அகலம் 180 ஆகிவிடும். எத்தனை கயிறு கட்டினாலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

தூண் பின்பக்கமும், அடிப்பாகத்தின் நீண்ட பகுதி கேபின் பக்கமும் இருக்கட்டும்; பிரேக் பிடிக்கையில் மெஷின் முன்னோக்கித்தான் சாயப் பார்க்கும்.

நைலான் கயிறு இழுபட்டுத் தளரும். கைப்பிடியை அசைத்து இறுக்கும் பாலியஸ்டர் ராட்செட் பெல்ட்டுகளைத் தூணின் மேற்பாதியிலிருந்து நான்கு மூலைகளுக்கும் இழுத்து, தளத்தின் இரும்புச் சட்டத்தில் கொக்கியிடுங்கள். பக்கக் கதவிலோ, மெஷினின் ஆர்மிலோ மோட்டாரிலோ வேண்டாம். முருங்கப்பாக்கம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, பெல்ட்டுகளைக் கையால் தட்டிப் பாருங்கள். தளர்ந்த பெல்ட் தொளதொளவென்று ஆடும், அதை மட்டும் மீண்டும் இறுக்கினால் போதும். மெஷினைப் பிடித்துக்கொள்ள என்று பின்னால் ஆளை ஏற்றும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒருவரையும் தயவுசெய்து ஏற்றாதீர்கள்.