குழந்தைக்கு உடம்பு சுடுதுன்னு ஸ்வீடிஷ்ல எப்படி சொல்றது?

கேள்வி: ஸ்வீடன் வந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் ராத்திரி ரெண்டு வயசு பொண்ணுக்கு உடம்பு அனலா கொதிச்சுது. மனைவி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு, ஆப்ல பாத்து "வர்ம்"னு சொன்னாங்க. நர்ஸ் ஒரு சட்டைய கழட்டி விடுங்கன்னாங்க, அவ்ளோதான். "ஹேட்"னு சொல்லியிருக்கணுமா? டென்மார்க்ல இருக்கற அண்ணி "லூன்"னு ஒண்ணு இருக்குங்கறாங்க. எது சரி?

பதில்: மூணுமே இல்லீங்க. நீங்க சொல்ல வேண்டியது "ஃபேபர்". காய்ச்சலுக்கு அதுதான் வார்த்தை, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூணுலயும் எழுத்துகூட மாறாது. நம்ம ஊர்ல உடம்பு சுடுதுன்னாலே காய்ச்சல்னு எல்லாருக்கும் புரிஞ்சிரும், அங்க புரியாது. "வர்ம்"னு சொன்னா புழுக்கமா இருக்குன்னுதான் எடுத்துக்குவாங்க, அதான் சட்டைய கழட்டச் சொல்லியிருக்காங்க, அந்த நர்ஸ் மேல தப்பு இல்ல.

"வர்ம்" ரொம்ப அகலமான வார்த்தை. இதமான வெயிலும் வர்ம், ஆவி பறக்கற சாக்லேட் பாலும் வர்ம், குழாய்ல வர்ற சுடுதண்ணியும் வர்ம், கை வெச்சா பொத்துப்போற அடுப்பையும் குழந்தைகிட்ட வர்ம், தொடாதன்னுதான் சொல்லுவாங்க. "ஹேட்"ங்கறது அதுக்கு மேல ஒரு படி. டென்மார்க் வானிலை மையம் இத கணக்காவே பிரிச்சு வெச்சிருக்கு, மூணு நாள் உச்ச வெப்பத்தோட சராசரி 25 டிகிரிய தாண்டினா அது வர்ம் அலை, 28ஐ தாண்டினா ஹேட் அலை. ஆனா ஒரு ஆள ஹேட்னு சொன்னா காம அர்த்தம் வந்துரும், அதனால குழந்தைய பத்தி அந்த வார்த்தையே வேண்டாம்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் சொல்லலாம், நெத்திய. "பன்னா"ன்னா நெத்தி, "பன்னன் ஏ ஹேட்"னா நெத்தி கொதிக்குது, தப்பில்ல. ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, பன்னான்னா வாணலியும்தான், வீட்டுக்கு சூடு தர்ற பாய்லரும்தான். நர்ஸ் "பன்னா சூடா இருக்கா"ன்னு கேட்டத ஆப் "வாணலி சூடா இருக்கா"ன்னு மாத்திக் காட்டி, ஒரு அம்மா அடுப்ப போய் பாத்துட்டு வந்து இல்ல, ஆறிப்போயிருக்குன்னு பதில் சொன்னாங்க. குழந்தைக்கு அப்போ 39 டிகிரி. நான் மொழிபெயர்ப்புக்கு போன இடத்துல அந்தம்மாவே அழுதுட்டே சொன்னது இது. அதனால நெத்தி கதையே வேண்டாம், ஃபேபர், அதோட நம்பர், போதும்.

நம்பர்ல கவனம். ஊர்லருந்து கொண்டுபோன தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்ல காட்டும், 102ன்னு சொன்னா அங்க யாருக்கும் ஒண்ணும் விளங்காது. 102ங்கறது அவங்களுக்கு 38.9. அந்த புள்ளிய பாயிண்ட்னு சொல்லாம "கொம்மா"ன்னு சொல்லணும், அவங்க எழுதறதே கமா போட்டுத்தான். மூணு மாசம் ஆகாத கைக்குழந்தைக்கு 38 வந்துட்டா எந்த வார்த்தைன்னு யோசிச்சிட்டு இருக்காம உடனே டாக்டர பாத்துருங்க.

இப்ப அண்ணி சொன்ன "லூன்". அழகான வார்த்தை, காத்து படாத மூலைல உக்காந்தா உடம்புக்கு ஏறுமே ஒரு இதம், அது. டேனிஷ் மதிய சாப்பாட்டுல சூடா வர்ற ஐட்டங்களுக்கும் அதே பேர்தான். அதோட வேர் பழைய நார்ஸ் மொழில காத்து அடங்கின நேரத்துக்கான வார்த்தை, குளிர் நாட்டுல காத்து நின்னாலே கதகதப்புதானே. அதே வேர்ல வந்த வார்த்தை ஸ்வீடிஷ்ல "லுங்ன்", அதுக்கு அர்த்தம் அமைதி! நீங்க போன்ல பொண்ணு லூன்னு சொன்னா, அவங்க காதுல குழந்தை அமைதியா இருக்குன்னு விழுந்துரும். காய்ச்சல்ல துடிக்கற குழந்தைய அமைதியா இருக்குன்னு சொன்னா யாரு அவசரமா பாப்பாங்க?

இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கறேன், ஸ்காண்டிநேவிய மொழி மூணும் ஒண்ணுதான், ஒரே கோர்ஸ்ல முப்பது நாள்ல முடிச்சிரலாம்னு காசு வாங்கற ஏஜெண்ட்டுங்கள நம்பாதீங்க. அவங்க தர்ற பிடிஎஃப்ல சூடுன்னு போட்டு எதிர்ல நாலு வார்த்தைய வரிசையா அடுக்கியிருப்பாங்க, எது எந்த ஊரு, எது எப்ப சொல்றதுன்னு ஒரு வரி இருக்காது, "ஹுகெ"யும் அந்த வரிசையிலயே நிக்கும், அது கூடி உக்காந்து இளைப்பாறற சுகம், வெப்பநிலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்வீடன்ல குடியேறினவங்களுக்கு நகராட்சியே எஸ்எஃப்ஐன்னு இலவசமா மொழி வகுப்பு நடத்துது. ஆனா அதுல சேர ஊர்ப்பதிவு வேணும், அந்த பதிவு நம்பர் கைக்கு வர்றவரைக்கும் ஜனங்க காத்துக்கிட்டு கிடக்கணும், அந்த இடைவெளிலதான் இவனுங்க கடைய விரிக்கறானுங்க. குடும்பத்தோட வர்றவங்களுக்கு முதல் வாரமே இந்த மாதிரி பத்து வாக்கியத்த கையில கொடுத்தா என்ன குறைஞ்சு போயிரும்? எத்தன வருஷமா கேக்கறோம்!

அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு கூட வந்து பேசறேன்னு மணிக்கு இவ்ளோன்னு கேக்கற தெரிஞ்சவங்களும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர ஏற்பாடு பண்றது ஆஸ்பத்திரியோட வேலை, அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே "தோல்க்" வேணும், தமிழ்னு சொல்லிருங்க.

மனைவிகிட்ட ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டச் சொல்லுங்க: "ஹூன் ஹார் ஃபேபர்", அவளுக்கு காய்ச்சல். அதுக்குக் கீழ டிகிரி எழுத ஒரு கோடு, எத்தன நாளா இருக்குன்னு எழுத ஒரு கோடு. நாளைக்கே மருந்து கடைல ஒரு செல்சியஸ் தெர்மாமீட்டரும் வாங்கிருங்க.