லேப்டாப்ல தண்ணி கொட்டிருச்சா? ஆன் பண்ணிப் பாக்காதீங்க

கேள்வி (சாயல்குடியில இருந்து ஒரு அம்மா): அண்ணே வணக்கம். எம் மக காலேஜ்ல கடைசி வருசம் படிக்கிறா. அவளுக்கு 46,000 ரூவா குடுத்து லேப்டாப் வாங்கி ஏழு மாசம்தான் ஆகுது. மேசை மேல இருந்த சொம்பைத் தட்டிவிட்டு தண்ணி கீபோர்டு பூரா கொட்டிருச்சு, சார்ஜ் போட்டபடியே இருந்துச்சு. தொடச்சிட்டு அரிசி டிரம்முக்குள்ள ரெண்டு நாள் வச்சு எடுத்து ஆன் பண்ணோம், நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு வாரம் கழிச்சு சில எழுத்து அடிக்கல, அப்பறம் சுத்தமா செத்துப்போச்சு. மதுரைல கம்பெனி சர்வீஸ்ல குடுத்தா மதர்போர்டு போச்சு, தண்ணி பட்டதுக்கு வாரண்டி கெடையாது, 27,000 ஆகும்ங்குறாங்க. வாரண்டி இருக்கையில எப்படிண்ணே இப்படி சொல்லலாம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாமா? அவ ப்ராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

பதில்: தங்கச்சி, மொதல்ல ப்ராஜெக்டைப் பாப்போம், பணம் அப்பறம். மதர்போர்டு போனா உள்ள இருக்குற ஃபைலும் போச்சுன்னு அர்த்தம் இல்ல. முக்கால்வாசி லேப்டாப்ல ஃபைலெல்லாம் சேமிச்சு வைக்கிற எஸ்எஸ்டி தனியா ஒரு ஸ்க்ரூல மாட்டிருக்கும், சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும், அதைக் கழட்டி ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல சொருகுனா ஃபைல் வந்துரும். விண்டோஸ் 11ல பல மெஷின் தானாவே பூட்டு போட்டு வச்சிருக்கும், அப்ப அந்தப் பூட்டைத் திறக்க ரெகவரி கீன்னு 48 இலக்க நம்பர் கேக்கும், பயப்பட வேணாம், உங்க மக அந்த லேப்டாப்ல எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணிருந்தாளோ அதை போன்ல ஓப்பன் பண்ணா அந்த கீ பெரும்பாலும் அங்கயே சேவ் ஆகி இருக்கும். சில மெல்லிசு மாடல்ல மட்டும் எஸ்எஸ்டிய போர்டுலயே ஒட்டிருப்பாங்க, அதுல போர்டை மாத்துனா டேட்டா போயிரும். அதனால சர்வீஸ்காரங்களுக்கு இன்னைக்கே போன் போட்டு "டேட்டா வேணும், என்னைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க, ஃபார்மட் பண்ணாதீங்க"ன்னு சொல்லுங்க, சொன்னதையே வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ எழுதியும் போட்டுருங்க.

அடுத்து வாரண்டி. கசப்பாதான் இருக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும், சாதாரண வாரண்டிங்குறது தயாரிப்புல குறை இருந்தா மட்டும்தான். தண்ணி கொட்டுனது, கீழ விழுந்தது எல்லாம் அதுல வராது, அநேகமா எல்லா பிராண்டும் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. பல மாடல்ல போர்டு கிட்ட ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டா நிறம் மாறிரும், அதை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க, தண்ணியே படலைன்னு மறைச்சும் பலன் இல்ல. "தண்ணி பட்டதுக்கு வாரண்டி தரல"ன்னு அதை மட்டும் வச்சு கேஸ் போட்டா ஜெயிக்கிறது கஷ்டம், அதுக்காக நீங்க அலையக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஒண்ணு மட்டும் பாருங்க, வாங்கும்போது "ஆக்சிடெண்டல் டேமேஜ்"னு, அதாவது தெரியாம கொட்டுறது, விழுறதுக்குன்னு ஏதாவது பிளான் சேத்துக் குடுத்தாங்களான்னு பில்லை எடுத்துப் படிங்க. இருந்தா இதே ரிப்பேருக்கு அது கெடைக்க வாய்ப்பு இருக்கு, பில்லுல இருக்கறதே தெரியாம விட்டவங்க நிறைய பேர்.

இப்ப அந்த 27,000. நான் குடுக்கச் சொல்ல மாட்டேன். 46,000 பொருளுக்கு பாதிக்கு மேல செலவு, மாத்துன போர்டுக்கும் வாரண்டி கொஞ்ச நாள்தான் இருக்கும், அதே தண்ணி கீபோர்டு, பேட்டரி கனெக்டர்லாம் பட்டிருக்கு, அதுல ஒண்ணு அப்பறம் போகும். "ரிப்பேர் வேணாம், இருக்குற நிலைமையிலயே திருப்பிக் குடுங்க"ன்னு கேளுங்க. செக் பண்ணதுக்கு ஒரு தொகை கேப்பாங்க, லேப்டாப்பைக் குடுக்கும்போது அவங்க எழுதித் தந்த ஜாப் ஷீட்ல அது முன்னாடியே எழுதிருந்தா குடுத்துதான் ஆகணும். ஆனா எங்க தண்ணி பட்டிருக்குன்னு போட்டோவும், என்ன போச்சுன்னு எழுத்துல ரிப்போர்ட்டும் வாங்கிருங்க.

வாங்கிட்டு ராம்நாட்டுலயோ மதுரைலயோ சிப் லெவல் வேலை பாக்குற கடைக்குக் கொண்டு போங்க. கம்பெனி சர்வீஸ்ல பொதுவா போர்டையே மாத்துவாங்க, சிப் லெவல் பாக்குறவர் போர்டைக் கழட்டி ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல கழுவி, அரிச்சுப்போன பார்ட்டை மட்டும் மாத்திப் பாப்பார். பொழைக்கும்னு உறுதி சொல்ல முடியாது, ஆனா செலவு பல மடங்கு கம்மி. வெளிக்கடைல திறந்துட்டா மிச்ச வாரண்டியும் போயிரும், அதையும் யோசிச்சுக்கங்க, உங்க கேஸ்ல அதுல பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல. சரியாகலைன்னா எவ்வளவு வாங்குவீங்கன்னு குடுக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

ஏன் ஒரு வாரம் ஓடிட்டு செத்துச்சுன்னு உங்க மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். சாயல்குடி பக்கம் போர் தண்ணி எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல, வாளி ஓரத்துல வெள்ளையா படியுதுல்ல, அதேதான் போர்டு மேலயும் படிஞ்சிருக்கும். தண்ணி காஞ்சாலும் உப்பு காயாது, அங்கயே ஒக்காந்துக்கும், நம்ம கடற்கரை காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து மறுபடி நசநசன்னு ஆகும். அந்த நேரத்துல கரண்டு ஓடுச்சுன்னா செம்பு அரிக்க ஆரம்பிச்சிரும், பச்சை பூத்துப்போன கம்பி பாத்திருப்பீங்களே, அது மாதிரி தலைமுடி கனத்துல இருக்குற லைன் எல்லாம் தின்னுட்டுப் போகும். ஆன் ஆச்சுன்னா பொழச்சிருச்சுன்னு நெனைக்கிறோம், அன்னைல இருந்துதான் அரிப்பு வேகமா நடக்குது. அரிசி ஒண்ணும் பண்ணாது, அது உள்ள போயி உப்பை எடுக்காது, தூசிதான் ஓட்டைக்குள்ள போகும். ஆப்பிள் கம்பெனியே 2024ல ஐபோனை அரிசில போடாதீங்கன்னு சொல்லிருக்காங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன். கொட்டுன உடனே, சார்ஜ்ல இருந்தா மொதல்ல சுவத்து ஸ்விட்சை காஞ்ச கையால ஆஃப் பண்ணுங்க, அப்பறம் வயரை உருவுங்க, பவர் பட்டனை அமுக்கியே புடிச்சு ஆஃப் பண்ணுங்க. சேவ் பண்ணிக்கிறேன்னு ஒரு நிமிசம் கூட விடாதீங்க. தெறந்தபடியே கவுத்து, கீபோர்டு பக்கம் கீழ இருக்குற மாதிரி, துண்டு மேல கூடாரம் கணக்கா வைங்க, தண்ணி வந்த வழியே வெளிய போகட்டும். ஹேர் டிரையர் வேணாம், உச்சி வெயிலும் வேணாம், பேட்டரிக்கு சூடு ஆகாது. ரெண்டு நாள் கழிச்சு ஆன் பண்ணிப் பாப்போம்னு இல்லாம, ஆன் பண்ணாமலே கடைக்குக் கொண்டு போயி திறந்து கழுவச் சொல்லுங்க. டீ, காபி, சர்பத்துன்னா இன்னும் அவசரம், சீனி ஒட்டிக்கும்.

கோர்ட்டு விசயம் ஒண்ணு பாக்கி இருக்கு. வாரண்டிக்காகத்தான் வேணாம்னேன், உங்களுக்கு உரிமையே இல்லைன்னு சொல்லல. சொல்லாம பார்ட்டை மாத்துறது, எஸ்டிமேட் ஒண்ணு பில்லு ஒண்ணுன்னு வர்றது, பொருளைத் திருப்பித் தராம இழுக்குறது, பில்லே தராம இருக்குறது, இதுல எது நடந்தாலும் விடாதீங்க. மொதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சு நம்பர் வாங்குங்க, நிறைய விசயம் அதுலயே முடிஞ்சிரும். முடியலைன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊரை வச்சே அங்க போடலாம், கடை மதுரைல இருக்கேன்னு மதுரைக்கு ஓட வேண்டியதில்ல. நீங்க குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கெடையாது, வக்கீல் வச்சேதான் ஆகணும்னும் இல்ல, பிரச்சனை நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்.

கேள்வி (பாம்பன்ல இருந்து ஒரு தம்பி): அண்ணே, நான் கல்யாணம் காதுகுத்துக்கு போட்டோ எடுக்குறவன். போட்ல இருந்து எறங்கையில லேப்டாப் பை கடல்ல விழுந்துருச்சு, ஒடனே தூக்கிட்டேன், இன்னும் ஆன் பண்ணலை. நல்லா வெயில்ல காய வச்சு எடுத்தா சரியாயிருமா?

பதில்: காய விடாதீங்க தம்பி, கடல் தண்ணில அதுதான் தப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, காஞ்சா அவ்வளவும் போர்டு மேல உப்பு கட்டிக்கும். ஈரம் இருக்கும்போதே, முடிஞ்சா இன்னைக்கே ராம்நாட்டுக்கு பஸ் ஏறுங்க, கடைல "கடல்ல விழுந்துச்சு"ன்னு ஒளிக்காம சொல்லுங்க, சும்மா தண்ணின்னு சொன்னா அவங்க பாக்குற வேலையே வேற மாதிரி இருக்கும். பேட்டரி கனெக்டரை மொதல்ல புடுங்கணும், போர்டைத் தனியா எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல, அதான் பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, அதுல அலசணும், அப்பறம் ஆல்கஹால்ல கழுவணும். நல்ல தண்ணில கழுவுனா போதாதான்னு கேப்பீங்க, கிணத்துத் தண்ணிலயும் உப்பு இருக்கே.

பேட்டரியைத் திரும்ப மாட்டாதீங்க, கடல்ல முங்குன லித்தியம் பேட்டரி பாக்க நல்லா இருந்தாலும் உள்ள ஷார்ட் ஆகி பல நாள் கழிச்சு தீப்புடிக்கலாம். ஊதிருந்தாலோ வாசம் வந்தாலோ சுட்டாலோ வீட்டுக்குள்ள வைக்காதீங்க, வெளிய எரியாத எடத்துல வச்சுட்டு கடைல ஒப்படைங்க. லேப்டாப் பொழைக்குமான்னு கேட்டா பாதிப் பாதிதான், கல்யாணக்காரங்க போட்டோ உள்ள இருந்தா எஸ்எஸ்டிய மட்டும் தனியா கழட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க, அதுக்கு நம்பிக்கை நிறையவே இருக்கு.

கேள்வி (கீழக்கரைல இருந்து): காக்கா, எங்க வாப்பா துபாய்ல இருக்காங்க, லேப்டாப் அங்கயே வாங்கிட்டு வரவான்னு கேக்குறாங்க. இங்க கடைல வாங்குனா 3,500 கூடக் குடுத்தா "ஃபுல் ப்ரொடக்‌ஷன்", தண்ணி கொட்டுனாலும் குடுப்போம்ங்குறாங்க. எது நல்லது?

பதில்: வெலை மட்டும் பாத்தா அங்க வாங்கலாம்னு தோணும்மா, ஆனா அந்த மாடலோட வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு பிராண்டோட வெப்சைட்ல மொதல்ல பாக்கச் சொல்லுங்க, ஒரு பிராண்டுல செல்லும், இன்னொண்ணுல செல்லாது. தண்ணிக்கு எடுக்குற பிளான் பெரும்பாலும் வாங்குன நாட்டுக்குள்ளதான். கீபோர்டுல பெரும்பாலும் அரபி எழுத்தும் இருக்கும், அது போனா அதே மாதிரி இங்க கெடைக்க லேட் ஆகும். அங்க உள்ள கடை மேல இங்க கேஸ் போட்டும் பெருசா ஒண்ணும் நடக்காது. தண்ணி, கடற்கரை, வீட்ல சின்னப் புள்ளைங்கன்னு யோசிச்சா நான் இங்கயே வாங்கச் சொல்வேன்.

அந்த 3,500க்கு ஒத்துக்குறதுக்கு முன்னாடி, அது பிராண்டு தர்றதா இல்ல வேற கம்பெனியோட பிளானா, எக்ஸ்டெண்டட் வாரண்டியா ஆக்சிடெண்டல் டேமேஜான்னு கேளுங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டின்னா வருசம்தான் கூடும், தண்ணிக்குக் குடுக்க மாட்டாங்க, கடைக்காரர் வாயால ஃபுல்னு சொல்றது ஒண்ணும் செல்லாது. வருசத்துக்கு எத்தனை தடவை கேக்கலாம், நம்ம கையில இருந்து எவ்வளவு கட்டணும், தண்ணி பட்டு எத்தனை நாளுக்குள்ள சொல்லணும், முழுசா முங்குனா உண்டா இல்லையான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. பில்லுல பிளான் பேரும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்க. சில நாள் கழிச்சு பிராண்டோட சைட்ல அந்த சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்க, பிளான் அங்க காட்டலைன்னா மறுநாளே கடைக்குப் போயி நில்லுங்க, பணம் வாங்கிட்டு ஆக்டிவேட் பண்ணாம விட்டதைக் கண்டுபிடிக்க அதுதான் நேரம்.